யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே இன்ஹேலர், மூக்கு மருந்து ஆராய்ச்சியில் இறங்க முடியுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். யாழ்ப்பாணத்தில் பாமசி பட்டம் முடித்துவிட்டுத் தற்காலிகமாகக் கற்பிக்கிறீர்கள். மூக்கு வழியாக மூளைக்கு மருந்தைக் கொண்டுபோகும் நானோ துகள்களில் ஆராய்ச்சி செய்ய ஆசை. ஆனால் துகளின் அளவைப் பிரித்துக் காட்டும் இம்பாக்டர் போன்ற கருவிகள் உங்கள் கைக்கு எட்டாது. வெளிநாட்டுக்குப் போகாமல் இந்தத் துறையில் கால் வைக்க வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். கருவியைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தாலும், இங்கிருந்து செய்கிற வேலையை வெளியில் யாராவது மதிப்பார்களா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. மதிப்பார்கள். ஆனால் நீங்கள் தெரிந்தெடுத்திருக்கும் தலைப்பை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள் என்று சொல்வேன்.

நான் இன்ஹேலர் தூள்களைத் தயாரிப்பதிலும் அளப்பதிலும் பல வருடங்கள் வேலை செய்தவன். வைத்தியர் இல்லை. ஆகவே எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்ற விஷயத்துக்குள் போகமாட்டேன். மருந்து கருவியை விட்டு வெளியேறி உடம்புக்குள் எங்கே போய்ப் படிகிறது என்பது வரைக்கும் என்னால் பொறுப்போடு பேச முடியும்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். மூச்சோடு இழுக்கும் துகள் நுரையீரலுக்குள் போக வேண்டுமென்றால் அதன் காற்றியக்க விட்டம், அதாவது காற்றில் அது நகரும் விதத்தை வைத்துக் கணிக்கும் அளவு, ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரோமீற்றருக்குள் இருக்க வேண்டும். அதைவிடப் பெரியது தொண்டை வளைவில் திரும்ப முடியாமல் மோதி ஒட்டிக்கொள்ளும், பிறகு விழுங்கப்பட்டு வயிற்றுக்குப் போய்விடும். அரை மைக்ரோமீற்றர் அளவுக்குச் சிறுத்துவிட்டால் அதில் கணிசமான பங்கு படியாமலே வெளிமூச்சோடு திரும்பிவிடும். மூக்கில் தலைகீழ்: அங்கே 10 மைக்ரோமீற்றரை விடப் பெரிய துளிகள்தான் வேண்டும், இல்லாவிட்டால் மருந்து மூக்கைத் தாண்டி நெஞ்சுக்குள் போகும். அதோடு, ஒரு மூக்குத் துவாரத்துக்குள் 0.1 மில்லிலீற்றர் அளவுதான் வசதியாகக் கொடுக்கலாம். கூடினால் முன்னால் வழியும் அல்லது தொண்டைக்குள் இறங்கும். மூக்கின் சளிப்படலமும் சும்மா இருப்பதில்லை. 15, 20 நிமிடத்துக்குள் தன்மேல் விழுந்ததில் பாதியைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மூக்கிலிருந்து மூளைக்கு என்ற ஆசையைப் பாருங்கள். எலியின் மூக்கில் ஏறத்தாழப் பாதிப் பரப்பு மணம் உணரும் பகுதி. மனிதனில் அது மொத்தப் பரப்பில் ஒரு சிறு பங்குதான், அதுவும் மூக்கின் உச்சியில், சாதாரண ஸ்பிரே போய்ச் சேராத இடத்தில் இருக்கிறது. எலியை மயக்கி மல்லாத்திப் படுக்க வைத்து, துளித்துளியாக விட்டு, பிறகு மூளையில் மருந்து இருக்கிறது என்று காட்டும் கட்டுரைகள் ஏராளம். அதிலே எவ்வளவு நேரடியாக மேலே போனது, எவ்வளவு இரத்தத்தில் கலந்து சுற்றி வந்தது என்பதைப் பிரித்துக் காட்டுபவை கொஞ்சம். மனிதனில் நேரடிப் பாதை சிகிச்சைக்குப் போதுமான அளவு வேலை செய்கிறதா என்பது இன்றைக்கும் தீராத விவாதம். நடக்காது என்று நான் சொல்லவில்லை. நடக்கிறது என்று எடுத்துக்கொண்டு அதன்மேல் முதுமாணி ஆய்வைக் கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதில் ஒரு பாடம் 2020 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் இருக்கிறது. அல்சைமர் நோயின் ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்கு மூக்கு வழியாக இன்சுலின் கொடுத்துப் பார்த்தார்கள், மொத்தம் 289 பேர். முதல் 49 பேர் ஒரு கருவியைப் பயன்படுத்தினார்கள். அது ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் மீதி 240 பேருக்கு வேறொரு கருவி கொடுக்கப்பட்டது. பிரதான பகுப்பாய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. இன்சுலின் உதவவில்லையா, இன்சுலின் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லையா என்று கேட்டால் இரண்டுக்கும் சுத்தமான பதில் இல்லை. மருந்தைப் பற்றிய கேள்வி கருவியில் சிக்கிக் கிடக்கிறது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது இதை உணர்வதைத்தான். மூலக்கூறில் தொடங்காமல், கருவியிலிருந்து வெளியே வருகிற அளவிலிருந்து தொடங்குங்கள்.

மூக்கு வழியில் உறுதியாக வென்றவையும் இருக்கின்றன. ஹெரோயின் போன்ற ஓபியோயிட் போதைப்பொருள் மிகை நஞ்சுக்கு நலொக்சோன் ஸ்பிரே 2015 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 0.1 மில்லிலீற்றருக்குள் 4 மில்லிகிராம் மருந்து. கடும் ஒவ்வாமைக்கு எபிநெப்ரின் ஸ்பிரே 2024 இல் வந்தது, அது ஒரு தடவைக்கு 2 மில்லிகிராம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: சிறிய மூலக்கூறு, சில மில்லிகிராமிலேயே வேலை செய்யும் வீரியம், ஊசிக்கு மாற்றாக அவசரத்தில் யார் கையாலும் கொடுக்கக்கூடிய வசதி. உங்கள் மருந்துக்கு 50 மில்லிகிராம் தேவையென்றால் அதை மூக்குக்குள் கொண்டுவர முயலும் முன் ஒரு தாளில் அளவுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பல திட்டங்கள் அந்தத் தாளிலேயே முடிந்துவிடும், நேரம் மிச்சம்.

சரி, அப்போ எதைச் செய்வது? என் பதில்: உலர்தூள் இன்ஹேலர்களை எடுங்கள், ஈரத்தையும் வெப்பத்தையும் எடுங்கள், அவற்றைப் பயன்படுத்தும் எங்கள் சனத்தின் மூச்சை எடுங்கள். இங்கே தொய்வு (ஆஸ்துமா) வருத்தத்துக்குக் கப்சூலைக் கருவிக்குள் போட்டு இழுக்கிறவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தக் கப்சூலுக்குள் சில மைக்ரோமீற்றர் அளவான மருந்துத் துகள்கள், அவற்றைவிடப் பல மடங்கு பெரிய லக்ரோஸ் (பாற்சீனி) துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். இழுக்கும்போது காற்றின் வேகம் மருந்தை லக்ரோஸிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்பாலங்கள் உண்டாகி ஒட்டுதல் இறுகும். மிகவும் வறண்டால் நிலைமின்னேற்றம் கூடி வேறு விதமாக ஒட்டும். கப்சூலின் ஓடும் மாறும். ஜெலற்றின் ஓட்டில் சாதாரணமாக 13 முதல் 16 வீதம் நீர் இருக்கும். அது காய்ந்தால் ஓடு நொறுங்கி அதன் துண்டு வாய்க்குள் வரும், நனைந்தால் ஓடு இளகிச் சரியாகத் திறக்காது. இந்தப் பொறிமுறைகளில் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கள் பாமசிகளில் உள்ள குறிப்பிட்ட ஒரு தயாரிப்பு, கார்த்திகை மழையில் மூடி திறந்த போத்தலில் இரண்டு கிழமை இருந்தால் எவ்வளவு இழக்கும் என்பதை அளந்து பார்த்தால்தான் சொல்லலாம். தயாரிப்புக்குத் தயாரிப்பு அது மாறும். கோடையில் சோளகம் வீசும்போது ஓட்டு வீட்டுக்குள் ஒரு அலுமாரியில் கிடக்கும் கப்சூலைப் பற்றியும் இதே கேள்வி உண்டு. இதை அளக்க இதைவிடப் பொருத்தமான இடம் உங்களுக்கு வேறெங்கே கிடைக்கும்?

இதற்கு விலையுயர்ந்த ஏழு அடுக்கு இம்பாக்டர் இல்லாமலே தொடங்கலாம். மருந்துநூல்களில், அதாவது மருந்துகளின் தரத்தையும் சோதனை முறைகளையும் வகுக்கும் நூல்களில், இரட்டைக் கண்ணாடி இம்பிஞ்சர் என்று ஒரு பழைய கருவி இருக்கிறது. தொண்டை போன்ற ஒரு வளைவு, மேலறை, கீழறை, ஒரு காற்றுப் பம்பி, அவ்வளவுதான். மேலறையில் 7 மில்லிலீற்றர் திரவம், கீழறையில் 30. நிமிடத்துக்கு 60 லீற்றர் காற்றை இழுத்தால் ஏறத்தாழ 6.4 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த துகள்கள் மட்டும் கீழறைக்கு வரும். கண்ணாடி ஊதத் தெரிந்தவர் ஒருவரும், நம்பக்கூடிய காற்றோட்டமானி ஒன்றும் இருந்தால் போதும்.

ஆனால் ஒரு கணக்கைக் கவனியுங்கள், ஆரம்பத்தில் பலர் இங்கேதான் தடுமாறுவார்கள். சல்பியூட்டமோல் கப்சூல் ஒன்றில் 200 மைக்ரோகிராம். கீழறைக்கு ஐந்தில் ஒரு பங்கு வந்தது என்று வைத்தால் 40. அறையைக் கழுவிய நீரையும் சேர்த்து 50 மில்லிலீற்றருக்கு நிரப்பினால், ஒரு மில்லிலீற்றரில் 0.8 மைக்ரோகிராம். சாதாரண புறஊதா நிறமாலைமானியில் 276 நானோமீற்றரில் இதை வாசித்தால் வருவது கருவியின் இரைச்சலோடு கலந்த எண். ஒரே ஓட்டத்தில் பத்துக் கப்சூல்களைத் தொடர்ந்து இழுத்தால் 8 மைக்ரோகிராம் வரும், அதை நம்பி வாசிக்கலாம். மிகச் சிறிய அளவையும் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி (HPLC) கருவி கிடைத்தால் ஒவ்வொரு கப்சூலாகவே பார்க்கலாம், கப்சூலுக்குக் கப்சூல் உள்ள வித்தியாசமும் அப்போதுதான் தெரியும். பத்தைச் சேர்த்து அளந்தால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும் என்பதைக் கட்டுரையில் நீங்களே எழுதிவிடுங்கள், மற்றவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இந்தக் கருவியின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டே பிரிவுகள்தான் தரும், முழுத் துகள் பரம்பலைத் தராது. ஒரு புது மருந்தை அனுமதிக்கு அனுப்ப இது போதாது. இன்றைய முறைப்படி உலர்தூள் கருவிக்குக் குறுக்கே 4 கிலோபாஸ்கல் அழுத்த வீழ்ச்சி வரும் வேகத்தில், 4 லீற்றர் காற்றை இழுத்துத்தான் சோதிக்க வேண்டும். கப்சூலை முறுக்கித் திறக்கும் பழைய கருவிகள் தடை குறைந்தவை, அவற்றுக்கு 60 லீற்றர் வேகம் அந்த அழுத்தத்தைத் தராது. ஆகவே உங்கள் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள், வெளியில் பிரசுரமான எண்களோடு நேராக ஒப்பிட வேண்டாம். ஈரத்தில் வைத்ததும் உலர்வாக வைத்ததும் ஒரே கருவியில், ஒரே வேகத்தில் எப்படி வேறுபடுகின்றன என்ற கேள்விக்கு இது முற்றிலும் போதும். கீழறையில் கூடுதலாக வந்தால் நோயாளிக்கும் அதே வீதத்தில் கூடுதலான நன்மை என்று சொல்ல முடியாது, அந்தத் தொடர்பு பலவீனமானது. அதையும் தாண்டி எழுதிவிடாதீர்கள்.

ஈர அறைக்கும் பெரிய செலவில்லை. மூடிய கண்ணாடிப் பாத்திரத்துக்குள் நிரம்பிய உப்புக் கரைசலை வைத்தால் மேலுள்ள காற்றின் ஈரம் தானாக நிலைபெறும். சோடியம் குளோரைட்டுக்கு 75 வீதம், மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதம். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்கான நிலைத்தன்மைச் சோதனை 30 பாகை, 75 வீத ஈரம் என்று இருப்பதால் முதல் உப்பு அப்படியே பொருந்தும். ஆனையிறவு உப்பைப் போட்டுவிடாதீர்கள், ஆய்வுகூடத் தரமான உப்பே வேண்டும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் ஈரத்தைக் கீழே இழுத்துவிடும், உங்களுக்குத் தெரியாமலே 75 என்பது வேறொன்றாகிவிடும். பாத்திரத்துக்குள் ஒரு ஈரமானி வையுங்கள். சோதனை செய்யும் அறையின் ஈரத்தையும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறித்துக்கொள்ளுங்கள். கப்சூலை வெளியில் எடுத்து இழுக்கும் அந்தச் சில நிமிடத்தில் நடப்பதும் முடிவின் ஒரு பகுதிதான்.

இரண்டாவது வேலை கிளினிக்கில் இருக்கிறது. அழுத்தி விசிறும் பம்பை மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும். உலர்தூளை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஒரே நோயாளியிடம் இரண்டும் இருந்தால் குழம்பாமல் என்ன செய்வார்? கப்சூலை விழுங்கிவிடுகிறவர்களும் உண்டு. இது எங்கள் சனத்தின் படிப்பறிவுப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்க மருந்து நிர்வாகமே 2008 இல் இன்ஹேலர் கப்சூல்களை விழுங்க வேண்டாம் என்று பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. யார் எந்தப் படியில் பிழை விடுகிறார்கள், தமிழில் படம் போட்டு விளக்கினால் எது திருந்துகிறது, ஒரு மாதத்துக்குப் பிறகும் அது நிற்கிறதா என்று பார்ப்பது நேர்த்தியான ஆய்வு. மனிதர்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பதற்கும் மருத்துவ பீடத்தின் ஒழுக்கநெறிக் குழு அனுமதி முன்கூட்டியே வேண்டும். போனில் வீடியோ எடுப்பதென்றால் அதற்குத் தனியாகச் சம்மதம் கேளுங்கள்.

குறைந்த வசதியில் உலகம் மதிக்கும் வேலை வருமா என்று சந்தேகப்படும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்லும் உதாரணம் ஹீதர் சார் (Heather Zar). தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் குழந்தை வைத்தியர். பம்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் ஸ்பேசர் என்ற கூட்டை விலைகொடுத்து வாங்க முடியாத குழந்தைகளுக்கு 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் குளிர்பானப் போத்தலின் அடியில் துளையிட்டு, பம்பின் வாயை அதில் பொருத்தி, கடையில் விற்கும் ஸ்பேசரோடு ஒப்பிட்டார்கள். போத்தல் அதற்குச் சமமாக வேலை செய்தது; ஸ்டைரோஃபோம் கோப்பை அவ்வளவு சரிவரவில்லை. 1999 இல் லான்செட்டில் அது வெளியானது. அவர்கள் கேட்ட கேள்வி அவர்களுடைய வாட்டில் இருந்து வந்தது, ஒப்பிட்ட முறை இறுக்கமாக இருந்தது, போதும்.

கைதடியில் சித்த மருத்துவம் கற்பிக்கும் நண்பர்களோடு சேர்ந்து மூலிகையை நானோ துகளாக்கி நுரையீரலுக்குக் கொடுக்கலாமா என்றும் நீங்கள் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அந்த மரபை நான் மதிக்கிறேன், அதற்குக் காரணமும் உண்டு. 1802 அளவில் சென்னையில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் அன்டர்சன் ஊமத்தையைப் புகைத்துத் தொய்வைத் தணிக்கும் முறையை ஓர் ஆங்கிலேய ஜெனரலுக்குச் சொல்ல, அது பிரித்தானியாவுக்குப் போனது. ஊமத்தை வகைகளில் உள்ள அற்றோப்பீனின் வழித்தோன்றல்தான் இன்றைக்கு நெபுலைசரில் போடும் இப்ராட்ரோபியம். ஆனால் ஊமத்தை நஞ்சு என்பதும், மருந்தாக நிலைத்தது அதன் திருத்திய மூலக்கூறுதான் என்பதும் அதே கதையில் அடக்கம். வாயால் உண்ணப் பாதுகாப்பானது நுரையீரலுக்கும் பாதுகாப்பானது என்று எடுக்கவே கூடாது. விற்றமின் ஈ அசற்றேற்றைச் சாப்பிடலாம், தோலில் பூசலாம். 2019 இல் அமெரிக்காவில் அது ஆவிச் சிகரெட் வழியாக நெஞ்சுக்குள் போய்க் கடும் நுரையீரல் பாதிப்போடு தொடர்புபட்டது. அந்த நோயில் 2020 பெப்ரவரி வரை 68 பேர் இறந்தார்கள். நுரையீரலுக்கு அனுமதிக்கப்பட்ட துணைப்பொருட்களின் (மருந்தோடு சேர்க்கும் மற்றப் பொருட்களின்) பட்டியல் மிகச் சிறியது, அது சிறியதாக இருப்பதற்கு நியாயம் இருக்கிறது. ஆகவே இப்போதைக்கு வேண்டாம். நசியத்தில், அதாவது மூக்கில் மருந்து விடும் சித்த முறையில், விடும் எண்ணெய்த் துளி மூக்கின் எந்தப் பகுதிவரை போகிறது என்பதை, சீ.ரீ. படத்திலிருந்து முப்பரிமாண அச்சில் எடுத்த மூக்கு வார்ப்பில் பார்ப்பது நல்ல, ஆபத்தில்லாத கேள்வி. கிளிநொச்சி பொறியியல் பீடத்தில் உள்ளவர்களிடம் கதைத்துப் பாருங்கள்.

நான் உலர்தூளை வற்புறுத்த இன்னொரு காரணம் பம்புக்குள் இருக்கும் வாயு. இன்றைக்குப் பெரும்பாலான பம்புகளை விசிறும் எச்எஃப்ஏ 134ஏ, புவியை வெப்பமாக்குவதில் காபனீரொக்சைட்டைப் போல 1,400 மடங்கு அளவு வீரியமுள்ளது. 2016 கிகாலி உடன்பாட்டின்படி இந்த வகை வாயுக்கள் படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன. கொம்பனிகள் புதிய வாயுக்களுக்கு மாறும் வேலையில் இறங்கிவிட்டன, பணக்கார நாடுகள் உலர்தூளையும் ஊக்குவிக்கின்றன. மலிவான பம்புகள் எப்போது, என்ன விலையில் மாறி எங்களிடம் வரும் என்பது ஊகம்தான். ஆனால் உலர்தூள் பரவலாகப் பரவ, ஈரமான வெப்பநாட்டில் அது எப்படி நடந்துகொள்கிறது என்ற தரவு கட்டாயம் தேவைப்படும். சின்னப் பிள்ளைகளுக்கும், கடுமையாக முட்டும் நேரத்திலும் பலமாக இழுக்க முடியாது என்பதால் பம்பும் ஸ்பேசரும் முற்றாகப் போய்விடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

வெளிநாடு போவதைப் பற்றி. போங்கள், ஆனால் கையில் ஒரு வரைபடத்தோடு போங்கள். மொனாஷ், சிட்னி, பாத், பார்மா, அல்பேட்டா, வேர்ஜினியா கொமன்வெல்த் என்று இந்தத் துறையில் பேர்போன பல்கலைக்கழகக் குழுக்களுக்கு தினமும் ஒரே அச்சிலான விண்ணப்பங்கள் வந்து குவியும். அவர்களுடைய ஒரு கட்டுரையை முழுதாக வாசித்து, அதில் உங்களுக்கு விளங்காத ஒரு இடத்தைச் சுட்டி, 33 வீதத்திலும் 75 வீதத்திலும் நீங்கள் அளந்த இரண்டு நிரல்களை இணைத்து, பத்து வரியில் எழுதுங்கள். அப்படியான கடிதத்தை நான் ஒருநாளும் பதில் போடாமல் விட்டதில்லை, என்னோடு வேலை செய்தவர்களும் விட்டதில்லை. மொனாஷ் குழு பிள்ளைப்பேற்று இரத்தப்போக்குக்குக் குளிர்சாதனப் பெட்டி தேவையில்லாத ஒக்சிரோசின் தூளை உருவாக்க இறங்கிய காரணமே எங்களைப் போன்ற நாடுகளின் வெப்பம்தான். அவர்களிடம் ஈரத்தைப் பற்றிப் பேசினால் காது கொடுப்பார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் எடின்பரோவில் நடக்கும் நுரையீரல் மருந்து மாநாட்டில் புதியவர்களின் சுவரொட்டிகளுக்குத்தான் கூட்டம் கூடும். சுருக்கத்தை அனுப்பி ஏற்கப்பட்டால், பிரயாணப் பணத்துக்கு அந்த ஏற்புக் கடிதத்தை வைத்தே கேட்கலாம்.

அதற்கிடையில் எம்பிபிடி (MPPD) என்ற இலவச மென்பொருளை இறக்கி, துகளின் அளவையும் மூச்சு வேகத்தையும் மாற்றி மாற்றி, எங்கே படிகிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள். கண்ணாடி இம்பிஞ்சரைச் செய்விக்கப் போனால், மேலறைக்குள் இறங்கும் குழாயின் உள்விட்டத்தை மருந்துநூலின் வரைபடத்தோடு கலிப்பர் வைத்து ஒப்பிட்ட பிறகே காசு கொடுங்கள். துகளின் வெட்டெல்லையைத் தீர்மானிப்பது அந்தத் துவாரம்தான், சற்றே பிசகினாலும் 6.4 என்ற எண் உங்கள் கருவிக்குப் பொருந்தாது. ஊதுபவர் கீறித் தரும் அளவுகளை இங்கேயே பதியுங்கள், வேலை தொடங்கும் முன் நான் பார்த்துச் சொல்கிறேன்.